பன்னிரண்டு கூரைகள்

வெள்ளிமலை,
8.2.1987

அன்புள்ள செல்விக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாதவள் இப்போது காரியத்துக்காக எழுதுகிறாளே என்று திட்டாதே. திட்டுவதானால் காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் திட்டு.

நாங்கள் வீடு கட்டப்போகிறோம். காலனியில் எங்கள் கூரை வீடு நிற்கிற அதே மனைதான். அனுமதியெல்லாம் வந்துவிட்டது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் மைக்கேல்ராஜ் கொத்தனார் கை வைக்காத மெத்தை வீடு, தளம் போட்ட வீடு, குறைவு. உங்கள் வீட்டு மாடியும் அவர் போட்டதுதான். ஐம்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் மழைக்கு நாங்கள் கீற்றுக்கடியில் பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஹாஸ்டலில் படிக்கும்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீடு வீடாக வரைந்து வைப்பாயே. இப்போது நிஜமாக ஒன்று வரைந்து கொடு. நான் மலையில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், வாரம் ஒரு முறைதான் கீழே இறங்க முடியும். அப்பாவே கட்டுவார். நீ வரைந்தால் போதும்.

உன்
பவுலின்


சென்னை,
22.2.1987

என் பவுலினுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸிலேயே நான்கு தடவை படித்தேன். இரண்டு வருஷமாக மற்றவர்கள் போட்ட படத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன். முதன்முதலாக என்னிடமே ஒரு வீடு கேட்டிருக்கிறாய்.

எங்கள் ஆபீஸ் சார் சிமெண்டைக் குறைத்துக் கட்டுவதில் பிடிவாதக்காரர். அவரிடம் கற்றதையெல்லாம் உன் வீட்டில் வைக்கப்போகிறேன். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினால் சுவருக்குள் பொந்து விழும். நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். உள்ளே நிற்கிற காற்று வெயிலை வீட்டுக்குள் விடாது. கூரைக்குக் கான்கிரீட்டுக்குள்ளேயே பழைய நாட்டு ஓடுகளை ஜோடி ஜோடியாகக் கவிழ்த்துப் பதிக்கலாம். பாரமும் குறையும், சூடும் குறையும். மெத்தையில் விழும் மழையெல்லாம் அடுப்படி ஓரத்துத் தொட்டிக்கு வந்துவிடும். மலைக்காற்று மேற்கிலிருந்து வருகிறது அல்லவா, அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை விட்ட செங்கல் சுவர். காற்று வரும், வெயில் வராது. பூச்சே வேண்டாம், செங்கல்லே அழகு.

படம் இத்துடன் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்
செந்தமிழ்ச்செல்வி


வெள்ளிமலை,
15.4.1987

அன்புள்ள செல்வி,

ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அப்பா படத்தைத் தரையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பூசாத வூடு இன்னா வூடு? பாதியில நின்னு போச்சுன்னுதான் பாக்குறவன் சொல்லுவான்."

பூசாத சுவர் உங்கள் ஆபீஸ் சாருக்கு அழகாக இருக்கலாம். காலனியில் ஒருவன் பூசாமல் விட்டால் அவனால் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் அவர் உன் படத்தை ஒதுக்கிவிடவில்லை. பின்பக்கம் இரண்டு கூண்டு கட்டினார், ஒன்று வழக்கமான சுவர், இன்னொன்று உன் எலிப்பொறி. மேலே ஒரே மாதிரி மூடினார். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கிற தெர்மாமீட்டரை நான் எடுத்துப்போய் உச்சி வெயிலில் இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது நான்கு டிகிரி குறைவு. அப்பா கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு சும்மா படிக்கல" என்றார். அவ்வளவுதான், ஆனால் அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஆக, சுவர் உன்னுடையது, பூச்சு அவருடையது. வெளிப்பக்கம் பூசியே தீருவார். அம்மா தொட்டியைப் பற்றி மட்டும்தான் கேட்டாள். ஊர்க் கிணற்றில் யாராவது வந்து இறைத்து ஊற்றுகிறவரை குடத்தோடு நிற்கிறவள் அவள்தான். "எத்தினி குடம் நிக்கும்?" என்றாள். எத்தனை என்று எழுது.

உன்
பவுலின்


சென்னை,
6.6.1987

என் பவுலினுக்கு,

அறுநூறு குடம் என்று அம்மாவிடம் சொல். ஐப்பசி ஒழுங்காகப் பெய்தால் தை வரை சமையலுக்குக் கவலையில்லை.

பூச்சு விஷயத்தில் தோற்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அப்பா சொல்வது சரிதான். பூசுவதா வேண்டாமா என்று யோசிக்கவே ஒரு வசதி வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நீ மலையில் இருந்தாய். என் தம்பி அறிவு ஆளே மாறிவிட்டான். பட்டம் வாங்கி இரண்டு வருஷம், எட்டு இன்டர்வியூ, ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது எங்கள் சாதிச் சங்கக் கூட்டம், சைக்கிளில் கொடி, சுவரில் எழுத்து. இட ஒதுக்கீடு கிடைக்காமல் விடப்போவதில்லை என்கிறான். நம் பக்கத்துப் பிள்ளைகள் கலப்பையை விட்டு வெளியே வர அது வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

உன் வீட்டைப் பற்றி அறிவிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கே என்று கேட்டான். சொன்னேன்.

அன்புடன்
செல்வி


வெள்ளிமலை,
23.8.1987

அன்புள்ள செல்வி,

சுவர் எழும்பிவிட்டது. மேற்குச் சுவரின் ஓட்டைகள் வழியாகச் சாயங்காலக் காற்று வரும்போது அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். மெத்தைக்கு முட்டுக் கொடுத்துப் பலகை அடித்தாயிற்று. ஓடு சேர்ந்ததும் புரட்டாசியில் கான்கிரீட்.

ஒன்று சொல்ல வேண்டும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி அறிவுச்செல்வன் இரண்டு பேரோடு சைக்கிளில் வந்து வீட்டைப் பார்த்தான். உள்ளே வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றான். நிஜமாகவே பிடித்துத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். கூட வந்தவன் அப்பாவிடம், "இன்னா மைக்கேலு, ஊர்ல இருக்கிற மெத்தையவிட ஒசரமா வருமா?" என்று கேட்டான். அப்பா, "இல்லைங்க, கம்மிதான்" என்று சொல்லிவிட்டு மட்டப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு வருகிறாய்தானே?

உன்
பவுலின்


சென்னை,
29.9.1987

என் பவுலினுக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். தபால் போகிறதா என்றே தெரியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு அறிவின் சங்கம் சாலை மறியல் செய்வதாகப் பேப்பரில் படித்தேன். வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், துப்பாக்கிச் சூடு, அங்கங்கே காலனிகளில் தீ. நம் ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. அப்பா எழுதிய கார்டில் ஒரே வரி: "எல்லோரும் சௌக்கியம், நீ வர வேண்டாம்." எல்லோரும் என்றால் யார் யார்?

ஒரு வரி போடு.

செல்வி


வெள்ளிமலை,
11.10.1987

அன்புள்ள செல்விக்கு,

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மறியல் நடந்த வாரம் நான் மலையிலேயே மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை. ஏழாவது நாள் நடந்தே இறங்கினேன். ரோட்டை அடைத்துப் புளியமரங்கள் கிடந்தன, காயோடு, இலை கூட வாடாமல். ஏறி ஏறி இறங்கினேன்.

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், காலனிக்குக் கூட்டமாக வந்து தீ வைத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் களை எடுக்கப் போயிருந்தார்கள். பதினொரு வீடு எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எதிர்வீட்டு இருசப்பன் மாமாவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது, மாட்டை அவிழ்க்கப் போய். கீழே இருந்தவரை நான்தான் தினமும் கட்டு மாற்றினேன்.

எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளும் கிழவிகளும் அதற்குள்தான் ஒதுங்கியிருக்கிறார்கள். இப்போதும் மூன்று குடும்பம் பலகைக்கடியில் அங்கேயே இருக்கிறது.

வேலை நின்றிருக்கிறது.

பவுலின்


சென்னை,
20.10.1987

என் பவுலினுக்கு,

கடிதத்தைப் பார்த்து அழுதேன். என்ன எழுதினாலும் போதாது. ஓடி வரலாம் என்றால் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

இருட்டிலும் ஒன்றை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். நம் சுவர் நின்றது. சுற்றிப் பதினொரு வீடு எரியும்போது அது அத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆபீஸ் சாரிடம் சொன்னேன். சுவருக்குள் இருக்கும் காற்று தீயின் சூட்டையும் தடுத்திருக்கும் என்றார். ஒரு பத்திரிகைக்கு எழுதலாம், படம் எடுத்து அனுப்பச் சொல் என்றும் சொன்னார். இந்த நேரத்தில் கேட்பது சரியில்லை என்று தெரியும். ஆனால் நாலு பேர் இதைப் பார்த்தால் குடிசைகளுக்குப் பதில் இப்படிக் கட்ட வழி பிறக்கும் அல்லவா?

வந்தவர்கள் யார் என்று தெரிந்ததா? அறிவு அந்த வாரம் முழுக்கத் தியாகதுருகம் ரோட்டில்தான் இருந்தான் என்று அப்பா எழுதியிருக்கிறார்.

உன்
செல்வி


வெள்ளிமலை,
5.11.1987

செல்விக்கு,

உனக்கு இதை எழுத வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். நீ பத்திரிகைக்குப் படம் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன் சுவர் தீயைத் தடுக்கவில்லை. தீயே அதன் கிட்ட வரவில்லை. பலகையும் சவுக்குக் கழியும் அத்தனை இருந்தது. ஒரு பந்தம் போதும், எல்லாம் போயிருக்கும். ஒருவன் பந்தத்தோடு வாசலுக்கே வந்துவிட்டான். பின்னாலிருந்து உன் தம்பி குரல் கொடுத்தான்: "அந்தக் கல்லு வூட்ட வுட்டுடுங்கடா. எங்க அக்கா போட்ட பிளானு."

விட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவன் பந்தம் பிடிக்கவில்லை. தெருமுனையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருக்கிறான், கடைசி வரைக்கும். அப்பா வாசலில் நின்று அவனையே பார்த்திருக்கிறார்.

நான் போன கடிதம் போட்டு ஒரு வாரம் கழித்து இருசப்பன் மாமா, கட்டுப் போட்ட கையோடு, அப்பாவிடம் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. "உன் வூட்டுக்குச் சொல்ல ஆளு இருக்குது மைக்கேலு. எங்களுக்கு இல்ல. அவ்ளோதான்."

அன்று பிற்பகலே அப்பா முட்டுக்களைப் பிரித்தார். பலகையெல்லாம் வீடிழந்தவர்கள் ஒதுங்க மறைப்புக் கட்டப் போய்விட்டது. மழை இப்போது உன் எலிப்பொறிச் சுவருக்குள் நேராக இறங்குகிறது.

படம் எடுக்க ஒன்றும் இல்லை.

பவுலின்


ஊரிலிருந்து,
29.11.1987

பவுலினுக்கு,

எப்படி விளிப்பது என்று தெரியாமல் நான்கு தாள் கிழித்தேன்.

நான் ஊருக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. அறிவை மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கேட்டேன். மறுக்கவில்லை. "நான் மட்டும் இல்லன்னா உன் வூடும் போயிருக்கும்க்கா. ஒண்ணயாவது காப்பாத்தினேன்" என்றான். அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அவன் நிஜமாகவே எதிர்பார்த்தான்.

"ஒரு வூட்டுக்குத் தொறந்த வாய அடுத்த வூட்டுக்கு ஏன் மூடிக்கின?" என்று கேட்டேன். மாட்டுக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு, "என் பேச்ச அவங்க கேட்டிருக்க மாட்டாங்க" என்றான். உன் பேச்சைக் கேட்டுத்தானே ஒரு வீட்டை விட்டார்கள் என்றேன். வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்ட வேலை நியாயம் பவுலின், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பதினொரு கூரையும் யாருடைய வேலையைப் பிடுங்கி வைத்திருந்தது?

இன்னொன்று. போலீஸ் வழக்கில் உன் அப்பா சாட்சி என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அறிவின் பெயர் அதில் ஏறினால் அரசாங்க வேலை என்ற பேச்சே இல்லை. எங்கள் அப்பா ராமசாமி, ஊரில் யாரிடமும் தலை குனியாதவர், மூன்று நாளாக என்னிடம் கெஞ்சுகிறார். அவன் பெயரை விட்டுவிடும்படி உனக்கு எழுதச் சொல்கிறார். "அந்தப் பொண்ணு உன் பேச்ச தட்டாது" என்கிறார்.

நான் அதை எழுதவில்லை. உன் அப்பா கண்ணால் பார்த்ததைச் சொல்லட்டும். அறிவு என்னிடம் சொன்னதை யார் வந்து கேட்டாலும் நானும் சொல்வேன். இதை அப்பாவிடமே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

நேற்றுக் காலனிப் பக்கம் நடந்தேன். உன் அம்மா வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சுவர் நனைந்து கறுத்திருந்தது. கூப்பிடத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன்.

செல்வி


வெள்ளிமலை,
20.12.1987

செல்விக்கு,

அப்பா வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பார்த்தவர்களில் பெயர் தெரிந்த ஐந்து பேரைச் சொன்னார். அறிவின் பெயரையும் சொன்னார். எங்கள் வீட்டை விடச் சொன்னதும் அவன்தான் என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் அது எதற்கு என்றாராம். "ரெண்டும் நடந்ததுங்க. ரெண்டயும் எழுதிக்கங்க" என்று நின்று எழுத வைத்திருக்கிறார்.

வழக்கு முடிகிறவரை நாம் இருவரும் எழுதிக்கொள்வது நல்லதில்லை என்று வக்கீல் சொல்கிறார். நானும் அதையே சொல்கிறேன். வக்கீலுக்காக மட்டும் இல்லை. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தும் இருக்கிறது. உன் பெயரால் எங்கள் வீடு நின்றதைத் தாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் பழகவில்லை. பொய் சொல்லி உன்னோடு பழையபடி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் உன்னால் ஆக வேண்டும். எரிந்த வீடுகளைச் செங்கல்லில் கட்டத் தாலுக்கா ஆபீஸில் உதவி உண்டு. படித்தவர் கையெழுத்துப் போட்ட பிளான் வேண்டும். குறைந்த கல்லில், கீற்று இல்லாத கூரையோடு, பன்னிரண்டு வீடு. எங்களுடையதையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. அப்பா எங்கள் சுவரில் ஆறு வரி செங்கல்லை இறக்கிவிட்டார். மற்ற வீட்டை விட ஒரு கல் கூட உயரம் வேண்டாம் என்கிறார். அந்தக் கல் எரிந்துபோன பொன்னுரங்கம் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போயிற்று.

பிளானை அப்பா பெயருக்கே அனுப்பு.

பவுலின்


சென்னை,
18.1.1988

மதிப்பிற்குரிய மைக்கேல்ராஜ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டு வீடுகளுக்கான படங்கள் ஆறு தாளில் இணைத்துள்ளேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

சுவர் எலிப்பொறிக் கட்டு. இரண்டு இரண்டு வீடாகச் சேர்த்திருப்பதால் நடுச்சுவர் பொது. கூரையில் பதிக்க உடையாத நாட்டு ஓடு வேண்டும். மாற்றி வேய்கிற பழைய ஓட்டு வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆறு மெத்தைக்கு ஒன்றாகத் தெருவின் இரு முனையிலும் மழைத் தொட்டி போட்டிருக்கிறேன்.

மேற்குச் சுவரில் ஓட்டை விடுவதா, மூடிவிடுவதா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. காற்று அந்தப் பக்கம்தான் வரும். அவர்களும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தார்கள். ஆகவே இரண்டு விதமாகவும் வரைந்திருக்கிறேன். குடியிருக்கப் போகிறவர்கள் சொல்வதே சரி.

முன்பு வரைந்த படத்தில் தங்களைக் கேட்காமல் பல காரியங்களை நானாக முடிவு செய்தேன். மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரா. செந்தமிழ்ச்செல்வி


வடக்கனந்தல் வழி,
14.2.1988

செல்வி பாப்பாவுக்கு,

மைக்கேல்ராஜ் சொல்லச் சொல்லப் பவுலின் எழுதுறது. நான் பேசுற மாதிரியே எழுதணும்னு சொல்லியிருக்கேன்.

பிளானு வந்துது. ஆபீஸ்ல குடுத்தாச்சு, ஒத்துக்கினாங்க. ஆறு வூடு சுவரு வந்துடுச்சு. இருசப்பனுக்குக் கை இன்னும் சரியா மடங்கல, அதனால குந்திக்கினு ஓடு பொறுக்கிக் குடுக்கிறான். எது விரிசல்னு தட்டிப் பாத்தே சொல்லிடுறான். ஒரு பத்து நாளா என்னோட பேசறான்.

மேக்கால சுவத்த பத்தி எல்லாரயும் குந்தவச்சிக் கேட்டேன். ஒம்போது வூட்டுக்காரங்க அடச்சிடச் சொல்லிட்டாங்க. மூணு பேரு ஓட்ட வுடச் சொல்றாங்க. பொன்னுரங்கம் வுடச் சொல்றான், நாங்களும் வுடுறோம், இருசப்பன் பொண்டாட்டியும் வுடச் சொல்லுது, வேக்காடு தாங்கலன்னு. அவங்கவங்க கேட்ட மாதிரி கட்டிக்கினு போறேன். அதுக்காக மனசு கஷ்டப்பட வேணாம். அடச்சவங்க என்னிக்காவது தொறக்கணும்னா நாலு கல்ல உருவுனா போதும், அந்த மாதிரிதான் வச்சிருக்கேன்.

உங்க தம்பி பேர நான் சொன்னது சொன்னதுதான். கோர்ட்டுலயும் சொல்லுவேன். அது வேற. அத மனசுல வச்சிக்கினு எங்களுக்கு வேல செய்ய வேணாம், செய்யாமலும் இருக்க வேணாம். வக்கீல் எழுதக்கூடாதுன்னுதான் சொன்னாரு. வரக்கூடாதுன்னு சொல்லல.

மொத ஆறு மெத்தைக்கும் மாசி இருவத்தஞ்சாந் தேதி கான்கிரீட்டு. ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. காலனில பாதிப்பேரு கரும்பு வெட்டுக்குப் போயிட்டாங்க, கான்கிரீட்டு சட்டிய கை மாத்த ஆளு கம்மி. பவுலின் லீவு போட்டுட்டு வருது. நீங்களும் வாங்க. உங்களுக்குச் சட்டி தூக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வரிசையில பவுலினுக்கு அடுத்தாப்புல நின்னுக்கங்க. அது குடுக்கிறத வாங்கி அடுத்த ஆளு கையில குடுத்தா போதும். ரெண்டு மணி நேரத்துல கை பழகிடும்.

பழைய சீலையா கட்டிக்கினு வாங்க. சிமெண்டு பட்டா போகாது.

இப்படிக்கு,
மைக்கேல்ராஜ், கொத்தனார்

எழுதியது: பவுலின்